46ஆம் மனையில் திரும்பிய வாய்க்கால்: ஒரு மனைப்பிரிவு வரன்முறையான விதம்

மனைப்பிரிவு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அங்கீகாரம் இல்லாமல் விற்ற மனைகளுக்குப் பிறகு அரசு ஒப்புதல் வாங்கிச் சட்டப்படி ஆக்குவதுதான் வரன்முறை. 2018 தொடக்கத்தில் என்னிடம் வந்த அப்படிப்பட்ட ஒரு வேலையை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், ஆட்கள், அலுவலகம் எதையும் பெயர் சொல்லி எழுதவில்லை. வட தமிழகத்தில் 2019இல் புதிதாகப் பிரிந்த மாவட்டங்களில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் தரப்பில் நடந்த தவறையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

கழனி மனையான கதை

ஊருக்கு மேற்கே ஏரி. அதன் மதகிலிருந்து ஒரு பாசன வாய்க்கால் கிழக்கே இறங்கும். ஏரிக்கரையை ஒட்டிய கழனிகளில் இன்றும் நெல் உண்டு. கடைமடையில் தண்ணீர் ஏறாமல் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அங்கே இருந்த 5 ஏக்கர், அடங்கல் எனும் கிராமப் பயிர்க் கணக்கில் தொடர்ந்து தரிசு என்று பதிவாகி வந்தது. 2012 வாக்கில் பக்கத்து நகரத்துக்காரர் ஒருவர் அதை வாங்கி, கல் நட்டு, கிராவல் கொட்டி, 118 மனைகளாகப் பிரித்தார். பெரும்பாலானவை 30க்கு 40, அதாவது 1,200 சதுர அடி. மாதத் தவணை, ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்து வந்து சாப்பாடு, முன்பதிவு செய்தால் வெள்ளிக் காசு. அந்தக் காலத்தில் மனை விற்றது இப்படித்தான்.

விளம்பரத் தாளில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று போட்டிருந்தது. இந்தச் சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க முடியாது. 1997ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளின்படியே, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் முன் இசைவு இல்லாமல் ஊராட்சி ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி தர முடியாது. தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்ததால் அது போதும் என்று வாங்கியவர்கள் நினைத்தார்கள். பத்திரமும் தடையில்லாமல் பதிவானது. அரசாங்கமே பதிவு செய்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த ஊர் எந்த முழுமைத் திட்டத்துக்குள்ளும் வராத பகுதி. ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் இருந்தால், எது குடியிருப்பு, எது விவசாயம், சாலை எங்கே வரும் என்று வரைபடத்திலேயே இருக்கும். வரைவை வெளியிட்டுக் குறைந்தது இரண்டு மாதம் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. திட்டம் இல்லாத பகுதியில் அப்படி ஒரு படமே கிடையாது. விண்ணப்பம் வரும்போது அந்த விண்ணப்பத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வார்கள். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அனுமதி வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 47-அ பிரிவு சொன்னாலும், அதற்கான விதிகள் 2017இல்தான் வந்தன. இந்த 5 ஏக்கர் அதற்குள் வீட்டுமனை ஆகிவிட்டது. வருவாய்ப் பதிவேட்டில் மட்டும் இன்னும் நன்செய்.

முறையான மனைப்பிரிவாக இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 5 ஏக்கர் என்பது 20,000 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் மூலம் கொடுத்தே ஆக வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. இங்கே கணக்குப் போட்டால் அது சுமார் 35 சென்ட். விளம்பரத் தாளில் ஒரு பூங்கா இருந்தது உண்மைதான். கடைசி வருஷத்தில் லேஅவுட் போட்டவர் அதையும் நான்கு மனைகளாக வெட்டி விற்றுவிட்டார்.

தடையும் வரன்முறையும்

2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், அதே தடையைச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் அமலுக்கு வந்தது. ஏற்கெனவே மனையாகப் பதிவானவற்றை மறுவிற்பனை செய்ய அதில் இடம் உண்டு. புதிதாக ஒரு மனையை விற்க முடியாது. அப்போது 107 மனைகள் விற்று, 11 பாக்கி இருந்தன.

2017 மே 4ஆம் தேதி வரன்முறை விதிகளை அரசு வெளியிட்டது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு அது பொருந்தும். முதலில் மொத்த மனைப்பிரிவின் அமைப்புக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் மனைக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். நீர்நிலை, புறம்போக்கு, கோயில் நிலம் போன்றவற்றில் இருக்கும் மனைகளுக்குக் கிடையாது. வரன்முறை ஆகாத மனைக்குக் கட்டட அனுமதி, மின் இணைப்பு, குடிநீர் எதுவும் தரக்கூடாது என்றும் விதி சொன்னது. தெருக்களின் அகலத்தை உள்ளது உள்ளபடியே ஏற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையும் உண்டு. அது இல்லாமல் அந்த விதிகளால் யாருக்கும் பயன் இருந்திருக்காது. பழைய மனைப்பிரிவுகளில் தெருக்கள் அத்தனை குறுகல்.

மனை வாங்கியவர்களில் ஒரு தையல்கார அம்மா. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டது 43ஆம் மனை. வாங்க வந்தவர்கள் எல்லோரும் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, வாங்கிய விலையைவிடக் குறைத்துக் கேட்டார்கள். அவர்தான் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்துச் சங்கம் அமைத்தார். பொறுப்பாளர்களாக வேறு ஆண்களைப் போட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் வரைபடம்

லேஅவுட் போட்டவரின் பழைய படத்தை வாங்கி, புலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் எஃப்.எம்.பி. எனும் புலப்படத்தின் மேல் வைத்து, மார்ச் மாதத்தில் ஒரு நாள் போய் அளந்து வந்தேன். எந்தப் புலம் பட்டா, எது சர்க்கார் நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டைப் பார்த்தேன். பாசன வாய்க்காலுக்குத் தனிப் புல எண், புறம்போக்கு. அது நம் 5 ஏக்கருக்கு மேற்கே உள்ள புலத்தின் எல்லையோடு முடிகிறது. நம் நிலம் முழுவதும் பட்டா. ஒரு மனைகூடப் புறம்போக்கில் இல்லை. பத்து நாளில் படம் தயார். சங்கத்தாருக்கு மகிழ்ச்சி.

கையெழுத்து வாங்கப் போன அன்று, தெருமுனை டீக்கடையில் கீழ்க்கழனிக்காரரான ஒரு பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்தார். படத்தில் அவருக்குப் புரிந்தது ஏரியும் திசையும் மட்டும்தான். "வாய்க்கா எங்க தம்பி?" என்று கேட்டார். காட்டினேன். "இது இங்கயே நின்னுட்டா, என் கழனிக்கு எப்படி வருது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவரே சொன்னார்: "நீங்க வெயில் காலத்துல வந்து அளந்துட்டுப் போறீங்க. ஐப்பசியில ஒரு தடவ வாங்க."

ஐப்பசியில் பார்த்தது

விண்ணப்பத்தைச் சில மாதம் நிறுத்தி வைக்கலாம் என்றேன். சங்கத்தில் பலருக்குக் கோபம். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்குகிறது என்றார்கள். (அந்தத் தேதி பிறகு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. அப்போது அது யாருக்கும் தெரியாது.)

ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை பெய்த பிறகு போனேன். புறம்போக்கு வாய்க்கால் முடியும் இடத்திலிருந்து தண்ணீர் மனைப்பிரிவுக்குள் வந்து, 41 முதல் 46 வரை உள்ள ஆறு மனைகளின் வழியாகக் குறுக்கே போய், கிழக்கே இணைப்புச் சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலத்தைத் தேடிக்கொண்டிருந்தது. நடுவில் மூன்றாம் தெருவின் கிராவல் மேடு அணை மாதிரி நின்றதால், மேற்கே முழங்கால் அளவு தேக்கம். கட்டியிருந்த ஒன்பது வீடுகளில் இரண்டின் வாசலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. 2015 மழையில் வீட்டுக்குள்ளேயே வந்ததாகச் சொன்னார்கள். எல்லா ஊரிலும்தானே வெள்ளம் என்று அப்போது விட்டுவிட்டார்களாம்.

விஷயம் இதுதான். மதகிலிருந்து வரும் பெரிய வாய்க்கால் சர்க்கார் நிலம். அதிலிருந்து கழனிக்குக் கழனி தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாய் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். பக்கத்துக் கழனிக்காரர்கள் தங்களுக்குள் விட்டுக்கொடுத்து வைத்த வழி அது. பதிவேட்டில் அதற்கு எண் கிடையாது. ஆகவே 'நீர்நிலை, புறம்போக்கு' என்று விதி விலக்கி வைத்ததில் அது சேராது. பாசனம் நின்ற பிறகு, மழைத் தண்ணீருக்கு அதுவே வடிகால். நிலம் கைமாறிய அன்று வழியும் போயிற்று.

அப்புறம் ஒன்று கவனித்தேன். விற்காமல் கிடந்த 11 மனைகளில் நான்கு அந்தக் கோட்டிலேயே இருந்தன: 41, 42, 44, 45. தாழ்வான இடம் என்று பார்த்தவர்கள் ஒதுங்கியிருக்கிறார்கள். நான் பதிவேட்டில் தேடியதை வேனில் வந்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

சங்கக் கூட்டம்

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முதல் படத்தையே கொடுப்பது. காகிதத்தில் குறை எதுவும் இல்லை, பெரும்பாலும் தேறிவிடும். இன்னொன்று, அந்த ஆறு மனைகளின் பின்பக்கத்தில் 10 அடி அகலத்துக்கு வாய்க்கால் விட்டுப் படத்தை மாற்றுவது. மனைக்கு 300 சதுர அடி போகும்.

முதல் வழிக்கே ஆதரவு அதிகம். மனை விற்றுவிட்டுப் போக நினைத்தவர்களுக்குத் தண்ணீர் கவலை இல்லை. இரண்டாவது வழிக்குப் பேசியவர்கள் ஒன்பது வீட்டுக்காரர்களும் தையல்கார அம்மாவும்தான். அந்த அம்மாவின் மனையே ஆறில் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "தண்ணி நிக்கிற மனைய அங்கீகாரம் வாங்கி யாரு தலையில சார் கட்டுறது?" என்று கேட்டார். கூட்டம் அடங்கியது. ஆனால் முடிவை மாற்றியது அந்தக் கேள்வி இல்லை.

மாற்றியது தெருக்கள். வரன்முறைக்குத் தெருக்களை ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். தெருக்களின் பட்டா இன்னும் லேஅவுட் போட்டவர் பெயரில் இருந்தது. அவரோ போனை எடுப்பதே இல்லை. ஆனால் அவருடைய 11 மனைகளும் முடங்கிக் கிடந்தன. மொத்தம் 13,200 சதுர அடி. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வந்தால்தான் அவற்றுக்கும் விடிவு. இதை ஒரு தாளில் கணக்காக எழுதி, அவருடைய தம்பி மூலம் அனுப்பினோம். மூன்றாம் நாள் அவரே வந்தார்.

அவரிடம் கேட்டது: நான்கு மனைகளில் பின்பக்கம் 300 சதுர அடி வீதம் விட வேண்டும். தையல்கார அம்மாவுக்கு மேட்டுப் பக்கத்தில் முழு மனை ஒன்று கொடுத்துவிட்டு, 43இல் வாய்க்கால் போக மீதி 900ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் அவருக்கு நஷ்டம் 1,500 சதுர அடி. 11,700 அடியை மீட்க 1,500 அடி. ஒரு மணி நேரம் புலம்பிவிட்டு ஒப்புக்கொண்டார். கெஞ்சியோ வழக்குப் போட்டோ இது நடந்திருக்காது என்பது என் கருத்து.

46ஆம் மனைக்காரர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். மூலை மனை, வடகிழக்கு வாஸ்து என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர். காம்பவுண்டுச் சுவரும் எழுப்பிவிட்டார். போனில் மரியாதையாகவே பேசினார். ஓர் அடிகூடத் தர மாட்டேன் என்றார். அவரைக் கட்டாயப்படுத்த எந்த விதியும் இல்லை. முழுமைத் திட்டத்தில் வடிகால் என்று குறிக்கப்பட்ட நிலமாக இருந்தால்கூட, குறித்த காலத்துக்குள் அரசு கையகப்படுத்த வேண்டும். மூன்று ஆண்டில் எடுக்காவிட்டால் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி அது விடுபட்டுவிடும். இங்கே திட்டமும் இல்லை, குறிப்பும் இல்லை.

ஆகவே படத்தில் வாய்க்காலை 46இன் எல்லையில் திருப்பினேன். ஐந்து மனைகளின் பின்புறம் நேராக வந்து, 46இன் சுவரை ஒட்டித் தெருவுக்கு வெளியே போய், தெருவோரமாக மறுபடி திரும்பிச் சிறுபாலத்துக்குப் போகும். இரண்டு செங்கோணத் திருப்பங்கள். சரியில்லை என்று தெரிந்தேதான் போட்டேன்.

ஒப்புதலுக்குப் பிறகு

அமைப்பு ஒப்புதல் மறு ஆண்டு வந்தது. பிறகு பத்திர வேலை. எதை முதலில் பதிவது என்பதிலேயே நான்கு மாதம் போயிற்று. லேஅவுட் போட்டவரின் மேட்டு மனை வரன்முறை ஆனால்தான் அந்த அம்மாவோடு பரிவர்த்தனைப் பத்திரம் போட முடியும். பரிவர்த்தனை முடிந்தால்தான் 43இன் பின்பக்கத்தைத் தானமாக எழுத முடியும். சார்பதிவாளர் ஒவ்வொரு கட்டத்திலும் தயங்கினார். முன்னுதாரணம் இல்லாத வேலைக்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தானப்பத்திரத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய ஊராட்சியில் அப்போது தலைவரே இல்லை. தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்களிலும் அவற்றின் தாய் மாவட்டங்களிலும் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்து வருஷம் தனி அலுவலர் ஆட்சி. வரன்முறை நடந்ததும், புதிய மாவட்டத் தலைநகர் என்று நில விலை ஏறியதும் அதே ஐந்து வருஷத்தில்தான். கழனிகள் மனையாகிக்கொண்டிருந்தபோது, அதைப் பற்றிக் கேட்க ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லை. தெருக்களைத் தனி அலுவலர் ஏற்றுக்கொண்டார். வாய்க்கால் துண்டை மட்டும், பராமரிப்புச் செலவு யாருடையது என்று கேட்டு நிறுத்தி வைத்தார். புதிய தலைவர் வந்த பிறகே அது ஏற்கப்பட்டு, வாய்க்கால் வெட்டி, மூன்றாம் தெருவுக்கு அடியில் குழாய் பதித்தார்கள்.

அடுத்த பருவமழையில் மேற்கே தேக்கம் இல்லை. ஒன்பது வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. பெரியவரின் கழனிக்குத் தண்ணீர் சிறுபாலம் வழியாகப் போனது. ஆனால் பலத்த மழையில் முதல் திருப்பத்தில் தண்ணீர் கரை ஏறி, 46இன் சுவரோரம் அரித்தது. சுவரில் இரண்டு இடத்தில் விரிசல். தையல்கார அம்மா மேட்டு மனையைக் கல்யாணத்துக்கு முன்பே விற்றுவிட்டார். நல்ல விலைதான்.

நான் மாற்றிச் செய்வது

கோடையில் மட்டும் அளப்பதை அந்த வேலையோடு நிறுத்திவிட்டேன். மழையில் ஒரு முறை போகாமல் படத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. இதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு ஆளிடம் போனார்கள்.

புலப்படத்தைப் பார்க்கும்போது நம் புலத்தோடு நிற்காமல், மேலே ஏரி வரைக்கும் கீழே சிறுபாலம் வரைக்கும் எல்லாப் புலங்களையும் ஒட்டவைத்துப் பார்க்கிறேன். சிறுபாலம் ஒன்று இருந்தால், அதைக் கட்டிய காலத்தில் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வேலையில் அந்தப் பாலத்தைக் கடந்துதான் தினமும் போய் வந்தேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

46ஆம் மனைக்காரரோடு பேசிய வரிசையும் தவறு. மற்ற ஐந்தும் முடிந்த பிறகு, கடைசியாக அவரைக் கூப்பிட்டோம். எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டு என் மேல் திணிக்கிறீர்கள் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. சுவர் எழுப்புவதற்கு முன், மாற்று மனைகள் ஏழு கையில் இருந்தபோதே, விரும்பியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

விதியைப் பற்றியும் ஒன்று. பட்டா நிலத்துக்குள் ஓடும் கழனிக்கால்வாய்களை ஊராட்சி அளவில் ஒரு படமாக வரைந்து வைத்தால், வரும் விண்ணப்பம் ஒவ்வொன்றையும் அதன் மேல் வைத்துப் பார்க்கலாம். பெரிய செலவு கிடையாது. ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த ஆயக்கட்டுக்காரர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும். டீக்கடையில் பார்த்த பெரியவரை வைத்து அந்த ஏரியின் கீழ் உள்ள கால்வாய்களை இரண்டு நாளில் வரைந்து, ஒரு பிரதியை ஊராட்சித் தலைவரிடம் கொடுத்தேன். கிராம சபையில் வைக்கிறேன் என்றார்.

போன மாதம் வளைகுடாக்காரர் போன் செய்தார். விரிசல் பெரிதாகிவிட்டதாம். பின்பக்கம் 300 அடி விட்டால் சுவரைச் சங்கமே கட்டித் தருமா என்று கேட்கிறார். சங்கத்தின் கணக்கில் இப்போது அவ்வளவு பணம் இல்லை.